கிண்டியில் என்னதான் படிக்கிறார்கள்?

பொறியியல் பல்கலைக்கழகம் என்ற பேச்சு எழுந்தவுடன் நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விகள் இரண்டே. எத்தனை மதிப்பெண் வேண்டும் என்பது ஒன்று; படித்து முடித்தால் என்ன சம்பளம் என்பது மற்றொன்று. இடைப்பட்ட நான்கு ஆண்டுகளில் அங்கே போனவர்கள் காலை முதல் மாலை வரை என்னதான் செய்கிறார்கள் என்று கேட்பாரைக் காணோம். தேங்காயின் விலையையும் கேட்டு, எண்ணெயின் விலையையும் கேட்டுவிட்டு, செக்கை மட்டும் பாராமல் திரும்புவதைப் போன்றது இது.

மேல்நிலைக் கணிதப் பிரிவில் பயிலும் நாங்கள் அந்தச் செக்கைச் சற்று எட்டிப் பார்க்க விரும்பினோம். அதற்குக் காரணமும் உண்டு. பொறியியல் படிக்க விரும்புவோர் யார் யார் என்று எங்கள் வகுப்பில் கேட்டபோது பாதிக்கு மேல் கைகள் உயர்ந்தன. கட்டடப் பொறியியலுக்கோ இயந்திரப் பொறியியலுக்கோ போகிறவர்கள் யார் என்று அடுத்துக் கேட்டபோது உயர்ந்த கைகளெல்லாம் இறங்கிவிட்டன. “பட்டறையில் சம்மட்டி பிடிக்கச் சொல்வார்களாம்”, “வெயிலில் நின்று நிலம் அளக்க வேண்டுமாம்”, “எங்கள் அப்பா விடமாட்டார்” என்று மூன்று காரணங்கள் சொல்லப்பட்டன. மூன்றாவது காரணம் எங்கள் சக்திக்கு அப்பாற்பட்டது. முதல் இரண்டையும் விசாரித்தோம். நம் பள்ளியில் படித்துக் கிண்டியில் கட்டடப் பொறியியல் பயிலும் அக்கா ஒருவரும், அங்கேயே இயந்திரப் பொறியியல் முடித்த அக்கா ஒருவரும் பொறுமையுடன் விளக்கம் தந்தார்கள். அவர்களிடம் கேட்டதையும், நூல்களில் படித்ததையும் சேர்த்து இங்கே தருகிறோம்.

கிண்டிப் பொறியியற் கல்லூரி பிறந்ததே நிலம் அளப்பதற்காகத்தான். வரி வசூலிக்க நிலத்தை அளக்க வேண்டும். அளப்பதற்கு ஆள் வேண்டும். ஒவ்வோர் ஆளையும் இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிக் கொண்டுவருவது கட்டுப்படியாகாது. ஆகவே கிழக்கிந்தியக் கம்பெனியார் 1794-ஆம் ஆண்டில் எட்டுச் சிறுவர்களைச் சேர்த்துச் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளியைத் தொடங்கினர். மைக்கேல் டாப்பிங் என்னும் வானவியல் அறிஞரின் முயற்சி அது. 1858-இல் அது பொறியியல் பள்ளியாகி, அடுத்த ஆண்டே கல்லூரியாயிற்று. 1920-இல் கிண்டிக்குக் குடிபெயர்ந்தது. மணிக்கூண்டுடன் கூடிய சிவந்த கட்டடத்தைச் சென்னை சென்றவர்கள் பார்த்திருக்கலாம்.

1978-ஆம் ஆண்டில் இந்தக் கல்லூரியையும், அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரியையும், குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி. என்னும் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தையும், கட்டடக் கலைப் பள்ளியையும் ஒன்றாக்கி அரசு அமைத்ததே அண்ணா பல்கலைக்கழகம். அன்று தொடங்கி 2001 வரை அது இந்த நான்கு இடங்களோடு நின்ற சிறு பல்கலைக்கழகமாகவே இருந்தது. பாடம் நடத்துபவரும், வினாத்தாள் குறிப்பவரும், விடைத்தாள் திருத்துபவரும் ஒரே வளாகத்தில் இருந்தனர். 2001-க்குப் பின் தமிழகத்தின் பொறியியற் கல்லூரிகள் நூற்றுக்கணக்கில் அதனோடு இணைக்கப்பட்டன. இடையில் பல்கலைக்கழகத்தையே பல கூறாகப் பிரித்ததும் பிறகு ஒன்றுசேர்த்ததும் தனிக் கதை. நாம் அறிய வேண்டுவது ஒன்று: “அண்ணா பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள்” என்று ஊரில் சொல்லும்போது அது அந்த நான்கு வளாகங்களுள் ஒன்றா, இணைவுபெற்ற தனியார் கல்லூரியா என்று கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. பட்டச் சான்றிதழில் பல்கலைக்கழகத்தின் பெயர் ஒன்றாயிருந்தாலும் பட்டறையும் ஆய்வுக்கூடமும் ஆசிரியர்களும் ஒன்றல்ல.

இனி, படிப்பைப் பார்ப்போம். நான்கு ஆண்டுகள் எட்டுப் பருவங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கின்றன. முதலாண்டில் எந்தப் பிரிவினராயினும் கணிதம், இயற்பியல், வேதியியல், கணிப்பொறிக்கு நிரல் எழுதுதல் ஆகியவற்றைப் படிக்கவேண்டும். இவை நாம் இங்கே படிப்பவற்றின் தொடர்ச்சியே. நமக்கு முற்றிலும் புதியவை இரண்டு: பொறியியல் வரைபடமும் பட்டறைப் பயிற்சியும். நம்மவர் அஞ்சுவதும் இவ்விரண்டுக்கே.

வரைபடம் என்றால் ஓவியமன்று. ஒரு பொருளைக் கண்ணால் காணாத கொல்லனோ தச்சனோ அப்பொருளை ஓர் அணுவும் பிசகாமல் செய்யும்படி தாளில் எழுதும் கடிதம் அது. நம் வீட்டுப் பின்கட்டில் கிடக்கும் உரலை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து பார்த்தால் ஒரு வட்டத்துக்குள் இன்னொரு வட்டம் தெரிகிறது. முன்னால் நின்று பார்த்தால் கல்லின் வெளிவடிவம் மட்டுமே தெரிகிறது, குழி தெரிவதில்லை. தெரியாத குழி எவ்வளவு ஆழம் என்று கல்தச்சருக்கு எப்படிச் சொல்வது? முன்தோற்றத்தில் அக்குழியை விட்டுவிட்ட கோடுகளால் வரைந்து காட்டவேண்டும். கண்ணுக்குத் தெரியும் விளிம்புக்கு முழுக்கோடு, மறைந்திருக்கும் விளிம்புக்கு விட்டகோடு, நடு அச்சுக்கு நீளமும் குறுகலுமாக மாறிவரும் கோடு. இவையே இந்த மொழியின் எழுத்துகள். நம் நாட்டு வழக்கப்படி மேல்தோற்றத்தை முன்தோற்றத்துக்குக் கீழே வரைவார்கள். ‘மேலே இருப்பதைக் கீழே ஏன் வரைகிறார்கள்?’ என்று முதல் வாரத்தில் எல்லாரும் திகைப்பார்களாம். பொருளின் நிழல் தரையில் விழுவதாக எண்ணிக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும் என்பது அக்கா தந்த குறிப்பு.

மாணவர்களுக்கு இது எளிது, மாணவியருக்குக் கடினம் என்று சொல்பவர்கள் மார்கழி மாதத்தில் நம் தெருவில் வந்து பார்க்கட்டும். இருபத்தொரு புள்ளி வைத்து, கை எடுக்காமல் சிக்குக்கோலம் இழுத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் கைக்கு அளவுகோல் பிடிப்பதா பெரிது?

அடுத்தது பட்டறை. தச்சு, தகட்டு வேலை, குழாய் இணைத்தல், வெல்டிங், கடைசல், வீட்டு மின்இணைப்பு, ஈயம் பற்றவைத்தல் என்று ஒவ்வொன்றையும் சில வாரங்கள் கையால் செய்து பழகவேண்டும். ஆசாரியாகவோ மின்பணியாளராகவோ ஆக்குவது இதன் நோக்கமன்று. தாளில் ஒரு கோடு போட்டுவிடுகிறோமே, அதை மரத்திலோ இரும்பிலோ கொண்டுவர எவ்வளவு பாடு என்று தெரிய வேண்டும் என்பதே நோக்கம். ஒரு மரக்கட்டையில் பாதியைச் செதுக்கி மற்றொரு கட்டையின் பாதியோடு பொருத்தும் இணைப்பை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் அது நான்கு கோடு. உளியையும் இழைப்புளியையும் எடுத்தால் ஒரு முழு மாலை. முடித்ததும் ஆசிரியர் அதை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பாராம். இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால் மதிப்பெண் குறையும்.

அரத்தைப் பற்றி இயந்திரவியல் அக்கா சொன்னது எங்களுக்கு மிகவும் பிடித்திருந்தது. அரம் முன்னே தள்ளும்போதுதான் இரும்பை அறுக்கும். பின்னே இழுக்கும்போது அழுத்துவது வீண். பலசாலிகள் முன்னும் பின்னும் வேகமாகத் தேய்த்து, நடுவில் மேடும் ஓரத்தில் பள்ளமுமாக ஆக்கிவிடுவார்கள். மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நிதானமாக, ஒரே மட்டத்தில் தள்ளுகிறவர்களுக்கே தளம் சமமாக வரும். ஆக, இங்கே பலத்துக்கு இருக்கும் மதிப்பு நாம் பயந்த அளவுக்கு இல்லை.

மின்இணைப்புப் பயிற்சியில் மாடிப்படி விளக்கு என்று ஒன்று. கீழே ஒரு சுவிட்சு, மேலே ஒரு சுவிட்சு, நடுவில் ஒரே விளக்கு. கீழே போட்டு ஏறி, மேலே அணைக்கலாம். மேலே போட்டு இறங்கி, கீழே அணைக்கலாம். சாதாரணச் சுவிட்சு ஒரு வழியைத் திறக்கும் அல்லது மூடும். இதுவோ ஒரு வழியை விட்டு மற்றொரு வழிக்குத் தாவும். இரண்டு சுவிட்சுகளுக்கும் இடையே இரண்டு கம்பிகள் ஓடுகின்றன. இரு சுவிட்சுகளும் ஒரே கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் விளக்கு எரியும், வெவ்வேறு கம்பியைத் தொட்டால் அணையும். விடுதி மாடிப்படியில் இதை நாள்தோறும் பயன்படுத்துவோர் ஒருமுறை படம் வரைந்து பார்க்கலாம்.

பெண்கள் இந்தப் பட்டறைக்குள் நுழைந்தது 1940-இல். அவ்வாண்டில் மின் பொறியியல் வகுப்பில் சேர்ந்தவர் அ. லலிதா. பதினைந்து வயதில் மணமாகி, பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர். அப்போது அவருடைய மகள் நான்கு மாதக் குழந்தை. தந்தையார் பப்பு சுப்பாராவ் அந்தக் கல்லூரியிலேயே மின் பொறியியல் பேராசிரியர். அவர் முதல்வர் சாக்கோவிடமும் கல்வித்துறை இயக்குநர் ஸ்டேதமிடமும் பேசி மகளுக்கு அனுமதி வாங்கினார். ஆண்கள் நிறைந்த கல்லூரி. விடுதியில் ஒற்றைப் பெண். குழந்தை உறவினர் வீட்டில். வார இறுதியில் போய்ப் பார்த்துவிட்டு வருவார். படிப்பைவிட அந்தத் தனிமையே அவருக்குப் பெரும் பாரமாயிருந்திருக்கிறது. கிண்டியில் பெண்களும் சேரலாம் என்ற செய்தியைத் தந்தையார் வெளியே பரப்பவே, மறு ஆண்டில் லீலாம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா என்ற இருவர் கட்டடப் பொறியியலில் வந்து சேர்ந்தனர். உலகப் போர் காரணமாகப் படிப்புக்காலம் சுருக்கப்பட்டதால் மூவரும் ஒன்றாகவே 1943-இல் படிப்பை முடித்தனர். கல்லூரி அச்சடித்து வைத்திருந்த சான்றிதழ்களில் ஆண்பாற் சொல்லே இருந்தது. அதைப் பேனாவால் அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லை எழுதிக் கொடுத்தார்கள்.

லலிதா பீகாரிலுள்ள ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் ஓராண்டு பயிற்சி பெற்றார். பின்னர்க் கல்கத்தாவில் ஒரு மின்பொறி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றினார். பக்ரா நங்கல் அணையின் மின்னாக்கிகள் தொடர்பான வேலையில் அவர் கையும் உண்டு. 1964-இல் நியூயார்க்கில் கூடிய பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குச் சென்றுவந்தார். திரேசியா (நம் வகுப்புத் திரேசாக்கள் மூவரும் கவனிக்க!) கேரளப் பொதுப்பணித் துறையில் படிப்படியாக உயர்ந்து 1971-இல் தலைமைப் பொறியாளரானார். இந்தியாவில் அப்பதவியை வகித்த முதல் பெண் அவரே. மாநிலத்தின் சாலைகளுக்கும் பாலங்களுக்கும் பொறுப்பான பதவி அது. ‘வெயிலில் நிற்க வேண்டுமே’ என்று சொல்லும் தோழியருக்கு இவரைச் சுட்டிக்காட்டலாம்.

வெயில் என்றதும் நில அளவை முகாமைச் சொல்ல வேண்டும். கட்டடப் பொறியியல் மாணவர்கள் இரண்டு வாரங்கள் வகுப்பறையை விட்டு வெளியேறி நிலம் அளக்கிறார்கள். இதற்கும் நம் பதினோராம் வகுப்புக் கணக்குக்கும் நெருங்கிய உறவு உண்டு. முக்கோணம் ஒன்றின் ஒரு பக்கமும் அதன் இரு முனைக் கோணங்களும் தெரிந்தால் மற்ற இரு பக்கங்களையும் சைன் விதியால் கண்டுவிடலாம் என்று படித்தோமல்லவா? கிண்டிக்கு அருகிலுள்ள பரங்கிமலையிலிருந்து 1802-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லாம்டன் என்பவர் ஏழரை மைல் நீளத்துக்கு ஒரு நேர்கோட்டை அளந்தார். 100 அடிச் சங்கிலியை ஏறத்தாழ 400 முறை நீட்டி வைத்து 57 நாட்களில் அளந்த கோடு அது. அதன் இரு முனைகளிலும் நின்று தூரத்திலுள்ள ஓரிடத்தின் கோணங்களைப் பார்த்தார். சைன் விதியால் தூரம் கிடைத்தது. அந்தப் புதிய பக்கத்தின்மேல் இன்னொரு முக்கோணம், அதன்மேல் வேறொன்று என்று கட்டிக்கொண்டே போன வேலை, அவர் மறைந்த பின்னும் தொடர்ந்து இமயமலை வரை எட்டியது. பரங்கிமலைக்குத் திருயாத்திரை போகிற நம்மில் எத்தனை பேர் இதை அறிவோம்?

முகாமில் அக்காவுக்குப் பிடித்தது மட்டம் பார்க்கும் வேலையாம். கருவியை ஓரிடத்தில் நிறுத்தி, பின்னால் உள்ள அளவுக்கம்பத்தை ஒருமுறையும் முன்னால் உள்ளதை ஒருமுறையும் பார்த்து எழுதிக்கொண்டு நகர்கிறார்கள். பகல் முழுவதும் நடந்து முடித்தபின் மரத்தடியில் அமர்ந்து ஒரு சோதனை. பின்பார்வை எண்களின் கூட்டுத்தொகையிலிருந்து முன்பார்வை எண்களின் கூட்டுத்தொகையைக் கழித்தால், கடைசி இடத்தின் உயரத்துக்கும் முதல் இடத்தின் உயரத்துக்கும் உள்ள வித்தியாசம் வரவேண்டும். வந்தால் கணக்குச் சரி. ஆனால் கம்பத்தைச் சாய்த்துப் பிடித்திருந்தாலோ, எண்ணைத் தவறாகப் படித்திருந்தாலோ இந்தக் கணக்கு அதைக் காட்டிக்கொடுக்காது. அதற்காகத் தொடங்கிய இடத்துக்கே மீண்டும் அளந்துகொண்டு திரும்பி வருகிறார்கள். புறப்பட்ட உயரமே மறுபடியும் கிடைக்கிறதா என்று பார்க்கிறார்கள். கிடைக்காவிட்டால் மறுநாள் காலை மீண்டும் அதே வெயில்.

வேலையைக் கெடுவுக்குள் முடிப்பதும் அங்கே ஒரு பாடம். எம்.ஐ.டி. மாணவராயிருந்த அப்துல் கலாம் தம் ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் எழுதியிருப்பதைப் பலர் படித்திருப்பீர்கள். விமான வடிவமைப்புத் திட்டம் ஒன்றில் அவர் வரைந்தது போதாதென்று பேராசிரியர் சீனிவாசன் கண்டார். கலாம் ஒரு மாத அவகாசம் கேட்டார். பேராசிரியர் கொடுத்தது மூன்றே நாள். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். கலாம் இரவு உணவையும் மறந்து வரைபலகையே கதியென்று கிடந்து முடித்தார். இந்தக் கதையை மேடைதோறும் சொல்கிறார்கள். அதற்கு முந்தைய செய்தியைச் சொல்வோர் குறைவு. அக்கல்லூரியில் சேரச் சுமார் ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டபோது தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் கலாமின் தமக்கை ஜொஹரா. அந்தத் தமக்கையைப் பொறியியல் படிக்க அனுப்பும் காலமாக அது இருக்கவில்லை. பிற்காலத்தில் அதே எம்.ஐ.டி. வளாகத்தில் உருவான அனுசாட் என்னும் சிறு செயற்கைக்கோள் 20-4-2009 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. எடை சுமார் 40 கிலோ. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று உருவாக்கிய முதல் செயற்கைக்கோள் அது.

தேர்வைப் பற்றியும் மொழியைப் பற்றியும் சில சொல்லியாக வேண்டும். பருவத்தின் நடுவே உள்தேர்வுகள், இறுதியில் பெரிய தேர்வு. தவறிய பாடத்தை மறுபடி எழுதவேண்டும். அதற்கு அங்கே ‘அரியர்’ என்று பெயர். பள்ளியில் முதலிடத்தில் இருந்தவர்களும் முதற்பருவத்தில் அரியர் வைப்பது உண்டு என்று இரு அக்காமாரும் ஒரே குரலில் கூறினர். காரணம் அறிவுக் குறைவன்று, பெரும்பாலும் ஆங்கிலமே. தமிழ்வழியில் ‘தகைவு’, ‘திரிபு’ என்று படித்தவள், ஆசிரியர் ‘ஸ்டிரெஸ்’, ‘ஸ்டிரெயின்’ என்று விரைந்து சொல்லிப்போகையில் தனக்குத் தெரிந்ததைத்தான் அவர் சொல்கிறார் என்பதையே உணராமல் விழிக்கிறாள். 2010-இல் கட்டடவியலையும் இயந்திரவியலையும் தமிழ்வழியில் படிக்க வகைசெய்தார்கள். ஆனால் பெரும்பாலோர் ஆங்கில வழியையே நாடுகிறார்கள். நோட்டுப் புத்தகத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, இடப்பக்கம் தமிழ்ச் சொல், வலப்பக்கம் ஆங்கிலச் சொல் என்று பிளஸ் ஒன்றிலேயே எழுதிவரத் தொடங்கினால் பாதிக் கஷ்டம் குறையும் என்பது கட்டடவியல் அக்காவின் யோசனை. எங்கள் வகுப்பில் நால்வர் தொடங்கிவிட்டோம்.

விடுதி வாழ்வு, நம் விடுதித் தோழியருக்குப் புதிதாயிராது. அங்கே உணவுச் செலவு ‘டிவைடிங்’ முறையில் கணக்கிடப்படுகிறது. மாதத்தின் மொத்தச் செலவை உண்டவர்களிடையே பகிர்ந்துவிடுகிறார்கள். கறிகாய் விலை ஏறினால் மாணவியருக்கே முதலில் தெரியும். ஆண்டுதோறும் ‘டெக்கோஃபெஸ்’ என்னும் கலைவிழா நடைபெறுகிறது. அதைப் பற்றி அக்காமார் சொன்னவற்றை எழுதினால் இந்த மலரில் இடம் போதாது. படிப்பைப் பற்றிய கட்டுரை என்பதும் மறந்துபோகும்.

சேரும் வழி என்ன? நுழைவுத் தேர்வு 2007-இல் எடுபட்டுவிட்டது. பிளஸ் டூ மதிப்பெண்ணே கணக்கு. கணிதத்தில் பெற்றது 100-க்கு அப்படியே, இயற்பியலும் வேதியியலும் ஒவ்வொன்றும் 50-ஆகச் சுருக்கப்படும், மொத்தம் 200. ஆகவே கணிதத்தில் விடும் ஒரு மதிப்பெண், இயற்பியலில் விடும் இரண்டுக்குச் சமம். கலந்தாய்வின் வழியே சேர்பவர், குடும்பத்தில் எவரும் பட்டதாரியாக இல்லாவிடில், முதற்பட்டதாரிச் சான்றிதழ் பெற்றுக் கல்விக் கட்டணச் சலுகை கோரலாம். 2021-இல் வந்த 7.5 சதவீத ஒதுக்கீடு அரசுப் பள்ளிகளுக்கு உரியது. உதவிபெறும் பள்ளியாகிய நமக்குப் பொருந்தாது. மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டமோ 2024-இல் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி பயின்ற மாணவியருக்கும் விரிவாக்கப்பட்டது. சாதி, வருமானச் சான்றிதழ்களுக்கும் முதற்பட்டதாரிச் சான்றிதழுக்கும் தேர்வு முடிவு வரும்வரை காத்திராமல் முன்னதாகவே விண்ணப்பித்துவிடுங்கள். மே மாதத்தில் தாலுகா அலுவலக வரிசை மிக நீளம். வரைபடம் பழக விரும்புவோர் வெள்ளிக்கிழமை மாலைகளில் நூல்நிலையத்தில் எங்களைச் சந்திக்கலாம். முதலில் உரல், அதன்பின் ஆட்டுக்கல்.